போலிங் லேன் காய்ந்திருக்கிறதா? யூரித்தேன் பந்துக்குக் காசு கொடுக்குமுன் அறிகுறியைப் பாருங்கள்

பகல் முழுக்கப் பிறந்தநாள் கூட்டமும் பள்ளி விடுமுறைப் பிள்ளைகளும் உருட்டித் தள்ளிய லேனில்தான் இரவு லீக் ஆட்டம் தொடங்கும். காலையில் எந்திரம் பூசிய எண்ணெயில் ஒரு பகுதி வருகிற போகிற பந்துகளோடு போயிருக்கும். மிச்சம் தாறுமாறாக இழுபட்டுக் கிடக்கும். கோலாலம்பூரில் பேரங்காடிக்குள் இருக்கிற போலிங் மையங்களில் ஆடுகிறவர்களுக்கு இது பழகிப்போன கதை. முதல் ஆட்டம் முடிவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்: "அண்ணே, லேன் காஞ்சு கெடக்கு. யூரித்தேன் ஒன்னு வாங்கிட்டா சரியாயிடும்ல?"

யூரித்தேன் என்பது பந்தின் மேல்தோலில் ஒரு வகை. அதை வாங்கினால் சிலருக்குச் சரியாகும். சிலருக்கு இப்போது இருப்பதைவிட மோசமாகும். லேன் எந்த இடத்தில் காய்ந்திருக்கிறது, உங்கள் கை எப்படிப்பட்டது என்ற இரண்டையும் பார்க்காமல் பந்து வாங்கினால், நல்ல காசு போட்டு வாங்கிய பந்து பையிலேயே தூங்கும். ஆகவே பந்தின் பெயரிலிருந்து தொடங்காமல், லேனில் கண்ணுக்குத் தெரிகிற அறிகுறியிலிருந்து தொடங்குவோம். எல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்குச் சொல்கிறேன். இடக்கைக்காரர்கள் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் காய்ந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஃபவுல் கோட்டிலிருந்து, அதாவது காலால் தாண்டக்கூடாத கோட்டிலிருந்து, தலைப் பின் (முதலில் நிற்கிற கட்டை) வரை 60 அடி. குறுக்கே 39 பலகை. வழக்கமான ஹவுஸ் பேட்டர்னில், அதாவது மையம் அன்றாடம் எண்ணெய் பூசுகிற முறையில், எண்ணெய் ஏறக்குறைய 40 அடி வரை ஓடும். நடுவில் கனமாகவும் இரண்டு ஓரங்களில் மெல்லிசாகவும் இருக்கும். அதற்குப் பிறகு வருகிற கடைசி 20 அடியில் எண்ணெய் பூசுவதே இல்லை. பந்து வளைந்து பாக்கெட்டுக்குள் (தலைப் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே) நுழைவதே அந்த வெறும் தரையால்தான். ஆக, பின்பகுதி காய்ந்திருப்பது கோளாறு இல்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

கோளாறு வருவது இரண்டு இடத்தில். ஒன்று, எல்லோருடைய பந்தும் வந்து விழுகிற முன்பகுதி, அதாவது முதல் 15 முதல் 20 அடி. இன்னொன்று, லேனில் குறி பார்க்கப் பதித்திருக்கிற அம்புக்குறிகளில் வலப்பக்கத்திலிருந்து இரண்டாவதைச் சுற்றிய தடம். பத்தாவது பலகையில் இருக்கிற அந்த அம்புக்குறியை வைத்துத்தான் ஊரே ஆடுகிறது. அதனால் அங்கே எண்ணெய் முதலில் தீரும். முன்பகுதி காய்ந்தால் பந்துக்கு ஒரு நடத்தை, அந்தத் தடம் காய்ந்தால் வேறு நடத்தை.

சோதனை எளிது. இருக்கிற பந்தையே, இருக்கிற வேகத்திலேயே, இரண்டாம் அம்புக்குறி மேல் சில முறை விடுங்கள். பின் எத்தனை விழுந்தது என்று பார்க்காதீர்கள். பந்து எந்த இடத்தில் திரும்பத் தொடங்குகிறது என்பதை மட்டும் பாருங்கள். உங்கள் கண்ணை நம்ப முடியாவிட்டால், குழுவில் இருக்கிற தம்பி ஒருவரைப் பின்னால் நிறுத்தி அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எறிந்தவர் கண் பெரும்பாலும் விழுகிற பின்கள் மேல்தான் ஓடும்.

பந்து திரும்பி வந்ததும் துடைக்குமுன் அதன் மேல் இருக்கிற எண்ணெய் வளையத்தையும் பாருங்கள். வளையம் தெளிவாக, ஈரமாக இருந்தால் லேனில் இன்னும் எண்ணெய் இருக்கிறது. உங்கள் பிரச்சினை வேறு. மங்கலாக, விட்டுவிட்டு இருந்தால் லேன் நிஜமாகவே வறண்டிருக்கிறது.

யூரித்தேன் என்ன செய்யும், என்ன செய்யாது

பந்தின் மேல்தோலில் மூன்று வகை நமக்குப் போதும்: பிளாஸ்டிக், யூரித்தேன், ரியாக்டிவ். யூரித்தேன் 1980களின் தொடக்கத்தில் வந்தது. பத்தாண்டு கழித்து ரியாக்டிவ் ரெசின் வந்து அதை ஓரங்கட்டியது. ரியாக்டிவ் தோலில் நுண்துளைகள் உண்டு. அது எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு வழுக்கிப் போகும், வெறும் தரையைத் தொட்டதும் திடுக்கென்று திரும்பும். யூரித்தேன் எண்ணெயை அவ்வளவாகக் குடிக்காது. எண்ணெய் இருக்கிற இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் இடையில் அதன் நடையில் பெரிய வேறுபாடு தெரியாது. அதனால் கோணல் இல்லாமல், வில் போல நிதானமாக வளையும்.

இங்கேதான் பலரும் தடுமாறுவது. யூரித்தேன் குறைவாக வளையும் என்று கேள்விப்பட்டு, காய்ந்த லேனுக்கு அதுதான் சரி என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மொத்த வளைவு ரியாக்டிவைவிடக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் யூரித்தேன் வளையத் தொடங்குவது சீக்கிரம். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட யூரித்தேன், முன்பகுதி காய்ந்த லேனில் அம்புக்குறியைத் தாண்டுமுன்பே தரையைப் பிடித்துக்கொள்ளும். பின்னை அடைகிறபோது அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சுருக்கமாகச் சொன்னால், பின்பகுதியில் துள்ளுகிற பந்தை அடக்க யூரித்தேன் நல்லது. முன்பகுதி எரிந்துபோன லேனுக்கு, அதுவும் சொரசொரப்பாக வைத்திருந்தால், அது நல்லதில்லை.

அறிகுறி: முன்பாதி நேராகப் போகிறது, கடைசியில் பைத்தியம் பிடித்தது போலத் திரும்புகிறது

ஒரு முறை பாக்கெட். அடுத்த முறை அதே கோடு, அதே வேகம், ஆனால் தலைப் பின் நெற்றியில் மோதி ஸ்பிளிட் (இடைவெளி விட்டுப் பின்கள் நிற்பது). இன்னொரு முறை கொஞ்சம் வெளியே போன பந்து திரும்பி வந்து புரூக்ளின் பக்கம், அதாவது தலைப் பின்னின் இடப்பக்கம். கொஞ்சம் உள்ளே வைத்தால் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போய், திரும்பவே மாட்டேன் என்கிறது. ஒரு பலகை வித்தியாசத்துக்கு விளைவு முழுக்க மாறுகிறது.

யூரித்தேன் வாங்க இதைவிடத் தெளிவான காரணம் கிடையாது. நடுவில் எண்ணெய், ஓரத்தில் வறட்சி, இரண்டுக்கும் இடையில் கத்தி வைத்த மாதிரி ஒரு கோடு. ரியாக்டிவ் பந்து அந்தக் கோட்டைத் தொட்டதும் எகிறும். யூரித்தேன் எகிறாது. குறைந்த நீளப் பேட்டர்னில், அதாவது எண்ணெய் 35 அடியோ அதற்கும் குறைவாகவோ ஓடுகிற போட்டி லேனில், இதே பிரச்சினை இன்னும் பெரிதாக வரும். அப்படிப்பட்ட பேட்டர்னில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் யூரித்தேனைக் கையில் எடுப்பது இதனால்தான்.

வாங்கும்போது மேற்பரப்பு 2000 அல்லது 3000 கிரிட்டில் (தேய்க்கிற தாளின் எண், கூடக்கூட வழவழப்பு) தொடங்குங்கள். பெட்டியிலிருந்து வருகிற பல யூரித்தேன் பந்துகள் 500, 1000 என்று சொரசொரப்பாக இருக்கும். அது புதிதாக எண்ணெய் பூசிய லேனுக்கு. நம் இரவு லீக் லேனுக்கு அது அதிகம். கடைக்காரரிடம் துளை போடும்போதே, "மேற்பரப்பை 2000க்குக் கொண்டுவந்து கொடுங்கள்" என்று சொல்லிவிட்டால் அவர் சுழலும் எந்திரத்தில் வைத்து அப்ரலான் தாளால் தேய்த்துத் தருவார். அதற்கென்று தனியாகப் பெரிய தொகை கேட்கிறார் என்றால் கடையை மாற்றுங்கள்.

உள்ளே இருக்கிற கோர், அதாவது பந்தின் உட்கரு, பற்றியும் ஒரு வார்த்தை. பந்தின் விவரத்தில் ஆர்ஜி என்று ஓர் எண் இருக்கும். யூஎஸ்பிசி (அமெரிக்க போலிங் ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் அமைப்பு) விதிப்படி அது 2.46 முதல் 2.80 வரை இருக்கலாம். எண் கூடக்கூட பந்து தாமதமாக உருளத் தொடங்கும். காய்ந்த லேனுக்கு 2.55க்கு மேல் பாருங்கள். டிஃபரென்ஷியல் என்று இன்னோர் எண் உண்டு. அதன் உச்சவரம்பு 0.060. யூரித்தேன் பந்துகளில் பெரும்பாலும் இது குறைவாகத்தான் இருக்கும், குறைவாக இருப்பதே நமக்கு வேண்டியது. அது குறைந்தால் பந்து ஒவ்வொரு சுற்றிலும் தடம் மாற்றுவது குறையும், வளைவு அடங்கும். எண் இவ்வளவு சிறிதாக இருக்கிற பந்தில் துளையை எந்தக் கோணத்தில் போட்டாலும் வித்தியாசம் கொஞ்சம்தான். லேஅவுட்டைப் பற்றி அரைமணி நேரம் விளக்குகிறவரிடம் தலையாட்டிவிட்டு, விரல் அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: அம்புக்குறியைத் தாண்டியதுமே இடப்பக்கம் இழுக்கிறது

பந்து வழுக்கவே இல்லை. கையை விட்ட இடத்திலிருந்தே உருளத் தொடங்கி, பாதி லேனுக்குள் இடப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. காது கொடுத்துக் கேட்டால் பந்து முன்பகுதியில் கரகரவென்று ஓடுகிற சத்தம்கூடக் கேட்கும். இது முன்பகுதி எரிந்துபோன லேன்.

இங்கே புதுப் பந்து கடைசி வழி. முதலில் கால். இரண்டு மூன்று பலகை இடப்பக்கம் நகருங்கள், அம்புக்குறியையும் ஒன்றிரண்டு பலகை உள்ளே மாற்றுங்கள். நடுவில் எண்ணெய் மிச்சம் இருக்கும், அங்கே பந்து கொஞ்சமாவது வழுக்கும். அடுத்து வேகம். திரையில் காட்டுகிற வேகத்தில் மணிக்கு 1 அல்லது 2 கிலோமீட்டர் கூட்டிப் பாருங்கள். கையால் தள்ளாதீர்கள். பந்தைத் தூக்கும் உயரத்தைக் கொஞ்சம் கூட்டினாலே வேகம் ஏறும். தள்ளினால் தோள் திரும்பி, பந்து இன்னும் இடப்பக்கம்தான் போகும். மூன்றாவது, ஃபவுல் கோட்டைத் தாண்டி ஓரடி இரண்டடி தள்ளி விழும்படி பந்தை விடுவது. காய்ந்த இடத்தின் ஒரு பகுதியை அது தாண்டிவிடும். மைய ஊழியர்கள் முறைக்கும் அளவுக்குத் தூக்கிப் போடாமல் இருந்தால் சரி.

இதெல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால் பந்தை மாற்றலாம். ஆனால் சொரசொரப்பான யூரித்தேனுக்குப் போகாதீர்கள். இரண்டு வழி இருக்கிறது. மெருகேற்றிய யூரித்தேன், அதாவது பாலிஷ் போட்டு வழவழப்பாக்கியது, ஒன்று. பலம் குறைந்த தொடக்கநிலை ரியாக்டிவ் பேர்ல் (மினுமினுக்கும் தோல் கொண்டது) இன்னொன்று, அதுவும் வழவழப்பாக. இரண்டில் எதை எடுப்பது என்று கேட்டால், கை சுழற்சி அதிகமானவருக்கு முதலாவது, குறைந்தவருக்கு இரண்டாவது.

எதுவுமே நிற்காத இரவுகளும் உண்டு. தீபாவளி முடிந்து வருகிற வாரக்கடைசியில் மையம் நிரம்பி வழிந்த பிறகு சில லேன்கள் அப்படித்தான் இருக்கும். அன்றைக்குப் பிளாஸ்டிக் பந்தை எடுத்து நேராக விட்டு, ஸ்பேர், அதாவது முதல் வீச்சில் மிஞ்சிய பின்களை, ஒழுங்காக அடித்து எண்ணிக்கை சேர்ப்பதே புத்திசாலித்தனம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வறட்டுக் கௌரவத்துக்காக ஹூக் (வளைவு) போட்டு 130 எடுப்பதைவிட, நேராக விட்டு 170 எடுக்கலாம்.

அறிகுறி: யூரித்தேன் இருக்கிறது, பாக்கெட்டிலும் படுகிறது, பின் மட்டும் விழ மாட்டேன் என்கிறது

பாக்கெட்டில் சரியாகத்தான் பட்டது. ஆனால் பத்தாம் பின் நிற்கிறது, ஆறாம் பின் அதைத் தொடாமல் கட்டருக்குள் (ஓரப் பள்ளத்தில்) படுத்துக்கிடக்கிறது. இன்னொரு முறை ஐந்தாம் பின் தனியாக நிற்கிறது. எட்டு-பத்து ஸ்பிளிட்கூட வரும். குழுவினர் "துரதிர்ஷ்டம்" என்று தோளில் தட்டுவார்கள். அதிர்ஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பந்தின் கடைசி 10 அடியைப் பாருங்கள். வளைந்து வந்த பந்து, பின்னுக்கு முன்னால் வளைவை நிறுத்தி நேராகப் போகிறதா? அப்படியென்றால் அது தன் சக்தியை முன்னாலேயே செலவழித்துவிட்டது. நம்ம பசங்க "பந்து செத்துப்போச்சு" என்று சொல்வது இதைத்தான். தலைப் பின்னில் மோதியதும் பந்து வலப்பக்கம் தெறித்து, ஐந்தாம் பின்னுக்குப் போக வேண்டிய வழியில் போகாமல் விலகிவிடும்.

சரி செய்வது மேற்பரப்பிலிருந்து. 1000 கிரிட்டில் இருந்தால் 3000க்கு ஏற்றுங்கள். போதவில்லை என்றால் 4000, பிறகு பாலிஷ். ஒவ்வொரு படியும் பந்து உருளத் தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். போட்டி தொடங்கிய பிறகு மேற்பரப்பைத் தேய்க்க விதி இடம் கொடுக்காது. ஆகவே இதைப் பயிற்சி நேரத்திலோ அதற்கு முன்போ முடித்துவிடுங்கள்.

மேற்பரப்பு சரியாக இருந்தும் பின் நிற்கிறது என்றால் கோணத்தை மாற்றுங்கள். யூரித்தேனை நடுவிலிருந்து வெளியே அனுப்பி வளைத்துக் கொண்டுவருவது வீண் வேலை. அவ்வளவு தூரம் போய்த் திரும்ப அதில் வலு கிடையாது. கால், குறி இரண்டையும் வலப்பக்கம் நகர்த்தி, முதல் அம்புக்குறிக்கும் இரண்டாம் அம்புக்குறிக்கும் இடையில், ஓரத்தை ஒட்டி நேராக ஆடுங்கள். வளைவு சின்னதாக இருக்கும், பார்க்க அழகாக இருக்காது. ஆனால் பந்து பின்னை அடையும்போது உயிரோடு இருக்கும்.

இன்னும் கனமான பந்து வாங்கினால் பின் விழும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. 14 பவுண்டைச் சுளுவாக வீசுகிறவர் 16க்கு மாறினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் யூரித்தேன் இன்னும் சீக்கிரம் சாகும்.

அறிகுறி: முதல் ஆட்டம் 200, இரண்டாவது ஆட்டத்தில் பந்து திரும்பவே இல்லை

லேன் காய்ந்துகொண்டே போக வேண்டும், வளைவு கூட வேண்டும். ஆனால் நடப்பது எதிர்மாறு: பந்து பாக்கெட்டைத் தாண்டி வலப்பக்கம் வழுக்கிப் போகிறது. இதில் புதியவர்கள் குழம்பிப்போய்க் கையைத் திருகத் தொடங்குவார்கள்.

யூரித்தேன் எண்ணெயைக் குடிக்காது என்று மேலே சொன்னேன். குடிக்காத எண்ணெய் எங்கே போகும்? பந்தோடு ஒட்டிக்கொண்டு போய், எண்ணெயே இல்லாத அந்தக் கடைசி 20 அடியில் மெல்லிசாகப் பூசப்படும். தடம் மாற்றாமல் உருளுகிற பந்து என்பதால் ஒரே வளையத்தில் எண்ணெய் சேர்ந்து, அதே வளையம்தான் மறுபடியும் மறுபடியும் லேனைத் தொடும். ஒரே ஜோடி லேனில் இரண்டு மூன்று பேர் யூரித்தேன் வைத்து ஆடினால், இரண்டாவது ஆட்டத்துக்குள் பின்பகுதியின் பிடிமானம் போய்விடும். பக்கத்தில் ரியாக்டிவ் வைத்து ஆடுகிற அண்ணனின் பந்தும் சேர்ந்து வழுக்கும். அவர் ஏன் உங்களை முறைக்கிறார் என்பது இப்போது புரியும்.

செய்ய வேண்டியதில் முதலாவது மிகச் சாதாரணம்: ஒவ்வொரு முறையும் வீசுமுன் துண்டால் துடைப்பது. ரியாக்டிவுக்கு இது நல்ல பழக்கம், யூரித்தேனுக்கு இது கட்டாயம். யூஎஸ்பிசி விதியில் போட்டி நடக்கும்போது உலர்ந்த துண்டு மட்டும்தான், திரவம் எதுவும் கூடாது. உங்கள் லீக் எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, காலை ஒன்றிரண்டு பலகை வலப்பக்கம் நகர்த்துவது. மூன்றாவது, எப்போது யூரித்தேனைப் பைக்குள் வைப்பது என்று தெரிந்திருப்பது. பந்து இரண்டு முறை தொடர்ந்து பாக்கெட்டுக்கு வலப்பக்கம் போனால், மெல்லிய ரியாக்டிவுக்கு மாறுங்கள். அது பூசிக்கிடக்கிற எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு திரும்பும். யூரித்தேன் முதல் ஆட்டத்தில் 200 கொடுத்தது என்ற நன்றிக்காக மூன்றாவது ஆட்டம் வரை அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

அறிகுறி: எந்தப் பந்தை எடுத்தாலும் இடப்பக்கம்தான்

ரியாக்டிவும் போகிறது, யூரித்தேனும் போகிறது, மையத்தின் வாடகைப் பந்துகூட போகிறது. இப்போது லேனை விட்டுவிட்டு உங்கள் வேகத்தையும் சுழற்சியையும் பாருங்கள். லீக்கில் ஆடுகிற பெரும்பாலோரின் வேகம் மணிக்கு 24 முதல் 29 கிலோமீட்டருக்குள் இருக்கும். திரையில் காட்டுகிற எண், அளக்கும் கருவி லேனில் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து மையத்துக்கு மையம் மாறும். எனவே வேறு மையத்து எண்ணோடு ஒப்பிட வேண்டாம், பக்கத்தில் ஆடுகிறவரோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு கையால் வீசுகிற இளைஞர்கள் இப்போது எல்லா மையத்திலும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மோன்டே காட்டிய வழி. கட்டைவிரல் துளைக்குள் இல்லாததால் சுழற்சி நிமிடத்துக்கு 400ஐத் தாண்டுவது அவர்களுக்குச் சாதாரணம். அந்தச் சுழற்சிக்குக் காய்ந்த லேனில் ரியாக்டிவ் எப்போதுமே அதிகம். ஓரங்கட்டப்பட்டுக் கிடந்த யூரித்தேன் மறுபடியும் கடைகளுக்கு வந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வேகமும் சுழற்சியும் சேர்ந்து இருக்கிற தம்பி, தங்கச்சி யாராக இருந்தாலும், இரண்டாவது பந்தாக யூரித்தேன் வாங்குவதில் எனக்கு மறுப்பே இல்லை.

வேகம் குறைந்து சுழற்சி அதிகமானவருக்கு யூரித்தேன் பாதி உதவிதான் செய்யும். பாலிஷ் போட்டதை எடுத்து, கூடவே வேகத்தைக் கூட்டப் பழக வேண்டும்.

அறிகுறி: எல்லோருக்கும் வளைகிறது, எனக்கு மட்டும் வளையவில்லை

ஓய்வுபெற்ற பிறகு ஆட வருகிற அங்கிள்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கை மெலிந்தவர்கள், இவர்களில் பலர் யூரித்தேன் கேட்டு வருவார்கள். லேன் காய்ந்திருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான். சுழற்சி குறைந்தவருக்குக் காய்ந்த லேன் எதிரி இல்லை, நண்பன். அவர்களுக்கு வேண்டியது தொடக்கநிலை ரியாக்டிவ், தூக்கமுடிகிற எடையில். யூரித்தேன் வாங்கிக் கொடுத்தால் பந்து நேராகப் போய், மெதுவாக மோதி, பாதிப் பின்னை விட்டுவிட்டு வரும். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அறிகுறி: வாங்கியபோது நன்றாக இருந்தது, சில மாதத்தில் நடை மாறிவிட்டது

லேனில் உருண்டு உருண்டு மேற்பரப்பு தானாகவே வழவழப்பாகும். 1000இல் வைத்த பந்து பல ஆட்டங்களுக்குப் பிறகு 1000ஆக இருக்காது. வெளிச்சத்தில் பந்தைத் திருப்பினால், உருளுகிற வளையம் மட்டும் பளபளவென்று தெரியும். மேலே கருங்கோடுகள், அழுக்குப் பட்டைகளும் ஒட்டியிருக்கும். ஆட்டம் முடிந்த கையோடு பந்து துடைக்கிற திரவத்தால் சுத்தம் செய்யுங்கள், அவ்வப்போது பழைய கிரிட்டுக்குத் திரும்பத் தேயுங்கள். வீட்டில் கையாலும் செய்யலாம். தாளை நனைத்து, பந்தை ஆறு பக்கமாகத் திருப்பி, எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தில், ஒரே நேரம் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்த்தால் பந்து உருளும்போது அது தெரியும்.

இந்த ஊரில் இன்னொரு தொல்லை வெயில். பந்துப் பையைக் காடிப் பின்பெட்டியிலேயே வாரக்கணக்கில் போட்டு வைப்பவர்கள் அதிகம். மதிய வெயிலில் வெளியே நிற்கிற காடியின் சூட்டிலிருந்து எடுத்து, குளிரூட்டிய மையத்துக்குள் கொண்டுபோனால், வெப்பம் ஏறி இறங்கி விரல் துளையைச் சுற்றி விரிசல் விழும். பிளந்த பந்துக்கு உத்தரவாதம் கேட்டுப் போனால், எங்கே வைத்திருந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். வீட்டுக்குள் எடுத்து வையுங்கள், நேரே சிமெண்டுத் தரையில் வைக்காமல் ஒரு துணி மேல்.

பழைய யூரித்தேன் வாங்குகிறீர்கள் என்றால்

புதுப் பந்துக்கு முழு விலை கொடுக்க மனம் வராதவர்கள் பழையதைத் தேடுவார்கள். யூரித்தேன் விஷயத்தில் அது கெட்ட யோசனை இல்லை. ரியாக்டிவ் எண்ணெய் குடித்துக் குடித்து உயிர் இழக்கும். யூரித்தேன் அப்படி இழப்பது குறைவு, தேய்த்தெடுத்தால் மீண்டுவிடும்.

கைப்பேசி விளக்கை வைத்து விரல் துளை ஓரங்களை முதலில் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பழைய துளையை அடைத்து உங்கள் அளவுக்குப் புதிதாகப் போட எவ்வளவு ஆகும் என்று கடையில் கேட்டு, அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். கட்டைவிரலும் மற்ற இரண்டு விரலும் இல்லாமல் கூடுதலாக ஒரு துளை இருக்கிறதா என்றும் கவனியுங்கள். எடையைச் சமன் செய்யப் போடப்பட்ட அந்தத் துளையை யூஎஸ்பிசி 2020 ஆகஸ்ட் முதல் அனுமதிப்பதில்லை. அதையும் அடைக்க வேண்டி வரும்.

ஹேமர் நிறுவனத்தின் ஊதா நிற யூரித்தேன் பந்து, எல்லோரும் 'பர்ப்பிள் ஹேமர்' என்பது, பழைய சந்தையில் அடிக்கடி வரும். வாங்குமுன் அதன் வரிசை எண்ணைப் பாருங்கள். 2016, 2017இல் செய்த பர்ப்பிள் ஹேமர்களில் பலவற்றின் மேல்தோல் விதி கேட்கிற கடினத்தைவிட மென்மையாக இருப்பதாகக் கண்டு, யூஎஸ்பிசி 2022 மார்ச்சில் அந்த இரண்டு ஆண்டுப் பந்துகளைத் தன் தேசியப் போட்டிகளிலிருந்து விலக்கியது. எண் 6 அல்லது 7இல் தொடங்கினால் அந்த ஆண்டுப் பந்து. நண்பர்களோடு ஆட அது ஒன்றும் கெடுதல் இல்லை. போட்டிக்கு எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால், அந்தப் போட்டியின் விதியைக் கேட்டுவிட்டுக் காசை எடுங்கள்.